ராணியை மல்லாத்தியது யார்?

அன்றைக்கும் ராணி மல்லாந்துதான் கிடந்தது.

காலை பத்து மணி இருக்கும். மூடுபனி விலகி, வெயில் சிமெண்டுத் தரையில் நன்றாக ஏறியிருந்தது. கையில் செம்பருத்தித் தழையோடு வீட்டுக்குப் பின்னால் போனேன். பட்டியின் மூலையில் ஓடு கீழே, வயிறு மேலே. நான்கு கால்களும் காற்றைத் துழாவிக்கொண்டிருந்தன. வாய் திறந்து திறந்து மூடியது. சத்தம் என்று பார்த்தால் ஒரு ‘உஸ்’ மட்டும்தான்.

ராணி ஓர் ஆமை. முறத்தளவு அகலம். தூக்கினால் நமக்கு இடுப்புப் பிடித்துக்கொள்ளும். தம் பிடித்து அதைப் புரட்டிப் போட்டுவிட்டு நிமிர்ந்தேன். அந்த வாரத்தில் அது மூன்றாவது தடவை.

ஆமை தானாக மல்லாந்துகொள்ளாது. இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அப்படியானால் ஒரு கை புரட்டியிருக்கிறது. அந்தக் கை யாருடையது என்பதையும் கண்டுபிடித்துவிட்டதாகத்தான் நினைத்தேன். எங்கள் வீட்டுக்குத் தோட்ட வேலைக்கு வரும் வெள்ளையம்மாவின் கை.

போன வாரம் இந்தப் பத்தியில் எஸ்டேட் குரங்குகளை நான் திட்டி எழுதியதில் கோபப்பட்ட ஒரு வாசகர், ‘உமக்கு யார்மேல்தான் ஐயா நம்பிக்கை?’ என்று கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. இந்த வாரம் அதற்குத்தான் பதில் எழுதுகிறேன். எனக்குப் பெருமை சேர்க்கும் பதில் இல்லை.

பெங்களூர் ஜோடி

ஆமை வளர்க்க வேண்டும் என்று நான் தவம் கிடக்கவில்லை. பெங்களூரில் இருக்கும் என் மகள் கவிதா வாங்கியது. வாங்கும்போது உள்ளங்கையில் அடங்கும் சைஸ். ஆப்பிரிக்க ஆமையாம். ‘ஒத்தையா வெச்சா ஏங்கிப் போயிரும் மேடம், ஜோடியா எடுத்துக்குங்க. இது ஆண், இது பெண்’ என்று சொல்லிக் கடைக்காரன் இரண்டைத் தலையில் கட்டிவிட்டான். இவளும் ராஜா, ராணி என்று பெயர் வைத்துக் கொண்டாடினாள். எவ்வளவு பெரிசாக வளரும் என்ற ஒரே ஒரு கேள்வியை மட்டும் கேட்கவில்லை.

ஏழெட்டு வருஷத்தில் இரண்டும் பால்கனியை அடைத்துக்கொண்டன. சோபாவை முட்டி முட்டி நகர்த்தின. ‘ஆமையா, நானா’ என்று மாப்பிள்ளை கேட்கும் கட்டம் வந்தது. சீசன் கூட்டத்துக்குப் பயந்து மலைக்கு மறுபக்கமாக ஏறும் குப்பனூர் ரோடு வழியாகக் காரை ஓட்டிக்கொண்டு வந்து, இரண்டையும் எங்கள் வாசலில் இறக்கிவிட்டாள்.

‘அப்பா, பின்னாடி காப்பி காயவைக்கிற களம் சும்மாதான கெடக்குது. அங்க விட்டுருங்க. ஜோடியாவே இருக்கட்டும், பிரிச்சா பாவம்.’

களத்தைச் சுற்றி முழங்கால் உயரத்துக்குச் சுவர் வைத்தேன். குளிருக்கு ஒடுங்க மரப்பலகையில் ஒரு கொட்டகை, உள்ளே சூடு கொடுக்கும் விளக்கு. கொட்டகையின் கதவு ஒரு பலகைதான். சுவருக்கு வெளியே நின்று கயிற்றை இழுத்தால் மேலே ஏறிக்கொள்ளும். ஒரு வீடு, ஒரு தட்டு, ஒரு தண்ணீர்த் தொட்டி. புருஷன் பெண்டாட்டிக்கு இதற்குமேல் என்ன வேண்டும் என்று நினைத்தேன்.

வந்த ஒரு மாதத்துக்குள் வனத்துறையிலிருந்து ஒருவர் வந்து நின்றார். நட்சத்திர ஆமை வைத்திருந்தால் ஜெயில் என்பது ஊருக்கே தெரியும். யாரோ போய்ச் சொல்லியிருக்கிறார்கள். மனிதர் குனிந்து குனிந்து ஓட்டில் நட்சத்திரம் தேடினார். அங்கே மணல் நிறத்தைத் தவிர ஒன்றும் இல்லை. கவிதா கொடுத்திருந்த பதிவுக் காகிதங்களையும் காட்டினேன். டீ குடித்துவிட்டுப் போய்விட்டார்.

நான் அத்தோடு விட்டேனா? யார் சொல்லியிருப்பார்கள் என்று இரண்டு நாள் கடைவீதியில் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே நடந்தேன். பால்காரர் வணக்கம் சொன்னதுகூட எனக்கு ஒரு மாதிரியாகப் பட்டது.

‘காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சளுங்க’ என்றாள் என் மனைவி சரோஜா.

ரைட்டர் கண்

கீழே சமவெளியில் இருக்கும் வாசகர்களுக்கு ஒரு விளக்கம். எஸ்டேட்டில் ரைட்டர் என்றால் கதை எழுதுகிறவர் அல்ல. ஆட்களுக்குப் பேர் போட்டு, வேலை பிரித்து, பறித்து வந்த காப்பிப் பழத்தை எடை போட்டு வாங்குகிறவர். நான் முப்பது வருஷத்துக்குமேல் ரைட்டராக இருந்தவன். கூடையில் பழத்துக்கு அடியில் கல் கிடக்கிறதா, பழத்தோடு பச்சைக்காயையும் உருவிவிட்டார்களா, மிளகுக் கொடி ஓரமாக யார் நின்று நின்று போகிறார்கள், இதெல்லாம் பார்ப்பதுதான் பிழைப்பு. சந்தேகப்பட்டதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

எங்கள் வேலையில் சாம்பல் கோடு என்று ஒன்று உண்டு. களத்தில் காயும் காப்பிக் குவியலைச் சுற்றி அடுப்புச் சாம்பலை ஒரு சாண் அகலத்துக்குத் தூவி வைப்போம். சாம்பல் மாவு மாதிரி இருக்கும். கால் வைத்தால் விரல்கூடத் தனித்தனியாகப் பதியும். மறுநாள் காலையில் எல்லோரையும் வரிசையாக நிறுத்தி, தடத்தையும் காலையும் பார்ப்பேன். கோடு போட்ட அன்றைக்கு எஸ்டேட்டில் யாரும் சரியாகச் சோறு தின்னமாட்டார்கள். கோடு போட்டாலே ரைட்டர் நம்மில் ஒருத்தரைத் திருடன் என்று நினைக்கிறார் என்றுதான் அர்த்தம். அப்போது எனக்கு அதில் ஒரு கர்வம்கூட இருந்தது.

வெள்ளையம்மா அதே எஸ்டேட்டில் பழம் பறித்தவள். பக்கத்துக் கிராமமான கொட்டச்சேட்டுக்காரி. என்னைவிட நாலைந்து வயது குறைவாக இருக்கும். நான் ஓய்வு பெற்ற பிறகு, அவளுக்கும் சரிவில் ஏறி இறங்க முடியாமல் போன பிறகு, எங்கள் வீட்டுக்கு வர ஆரம்பித்தாள். திங்கள், புதன், வெள்ளி. காலை பஸ்ஸில் வருவாள். தோட்டத்தைப் பார்ப்பாள், களை எடுப்பாள். ஆமைகள் வந்த பிறகு பட்டியும் அவள் பொறுப்பு. ஆமைக்குச் சோறும் வாழைப்பழமும் போட்டுக்கொண்டிருந்தவன் நான். ‘புல்லு திங்கற வாயுங்க அது, பாத்தாத் தெரியலீங்களா’ என்று கொழுக்கட்டைப் புல் அறுத்து வந்து போட்டவள் அவள்.

அப்படிப்பட்டவள்மேல் எனக்குச் சந்தேகம் வந்தது. ஏன் வந்தது என்றும் சொல்லிவிடுகிறேன்.

காரிலிருந்து ஆமைகள் இறங்கிய அன்றைக்கே அவள், ‘ஆமை பூந்த ஊடு உருப்படாதும்பாங்க. நீங்க கார் வெச்சுல்ல கூட்டியாந்திருக்கறீங்க ரைட்டரய்யா!’ என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நான் சிரிக்காமல் மனசில் முடிந்துவைத்துக்கொண்டேன்.

பிறகு ஒருநாள் ராஜா சுவரை முட்டிப் பேர்த்துக்கொண்டு வெளியே வந்து, அவள் பார்த்துப் பார்த்து வளர்த்த கீரைப் பாத்தியை மொட்டையடித்துவிட்டது. ‘பாழாப்போன சென்மமே’ என்று மண்ணை வாரித் தூற்றினாள். அதையும் முடிந்துகொண்டேன்.

ராஜா கல்லுக்குண்டு மாதிரி பெருத்துக்கொண்டே போனது. ராணி இங்கே வந்த பிறகு வளரவே இல்லை. இரண்டுக்கும் ஒரே புல். அப்படியானால் ராணியின் பங்கு எங்கே போகிறது? வெள்ளையம்மா வீட்டில் இரண்டு ஆடு இருப்பது ஞாபகத்துக்கு வந்தது.

எல்லாவற்றுக்கும் மேலே, கிழமை. ராணி மல்லாந்து கிடந்ததெல்லாம் திங்கள், புதன், வெள்ளி. அவள் வராத நாளில் ஒரு தடவைகூட இல்லை. இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்?

சரோஜாவிடம் சொன்னேன். கரண்டியைப் போட்டுவிட்டுத் திரும்பினாள்.

‘ஏனுங்க, உங்களுக்கு நாக்குக் கூசலீங்களா? போன மழைக்கு நான் காய்ச்சல்ல கெடந்தப்ப கஞ்சி காச்சி ஊத்துனது ஆருங்க?’

‘அது வேற, இது வேற. அப்ப ராணியப் பொரட்டறது ஆரு? நீயே சொல்லு.’

அவள் கரண்டியை எடுத்துக் கழுவப் போய்விட்டாள். நான் ஜெயித்துவிட்டதாக எடுத்துக்கொண்டேன்.

எனக்குப் பயமும் இருந்தது, அதையும் சொல்லவேண்டும். மல்லாந்த ஆமை வெயிலில் ரொம்ப நேரம் கிடந்தால் மூச்சு முட்டிச் செத்துப்போகும் என்று கவிதா போனில் சொல்லியிருந்தாள். ஒரு நாள் நான் பத்து மணிக்குப் பதில் பன்னிரண்டு மணிக்குப் போனால் ராணி கதை முடிந்தது.

களத்துச் சாம்பல்

அடுத்த திங்கட்கிழமை. பஸ் வருவதற்கு முன்னால் எழுந்து, வெந்நீர் அடுப்புச் சாம்பலைச் சலித்து எடுத்தேன். பட்டிச் சுவரின் உள்பக்கம் சுற்றிலும், ஒரு சாண் அகலத்துக்கு, பழைய கைப்பழக்கத்தோடு தூவினேன். கதவைத் திறக்க உள்ளே போகவேண்டியதில்லை. புல்லை வெளியிலிருந்தே எறியலாம். அதைப் போட்டுவிட்டு அவள் முன்பக்கத் தோட்டத்துக்குப் போய்விடுவாள்; பட்டியைக் கூட்டுவது மத்தியானம்தான். ஆகவே காலையில் ஆமையைத் தொட நினைக்கிறவர் சாம்பலில் கால் பதிக்காமல் போவது கஷ்டம். என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன்.

வெள்ளையம்மா வந்தாள். புல்லுக்கட்டை இறக்கினாள். வழக்கம்போல முதலில் சூட்டு விளக்கைப் போட்டாள். கயிற்றைப் பிடிக்கப் போனவள் அப்படியே நின்றாள்.

‘ஏனுங்க ரைட்டரய்யா, இந்தச் சாம்பலு எதுக்குங்க?’

‘எறும்பு வருது.’

அவள் சாம்பலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

‘எறும்புச் சாம்பலு எனக்குத் தெரியுமுங்க. அள்ளி எறிவாங்க. இது சலிச்ச சாம்பலு. களத்துச் சாம்பலுங்க இது.’

சரோஜா அடுக்களையிலிருந்து வெளியே வந்துவிட்டாள். வெள்ளையம்மா கொஞ்ச நேரம் விளக்கு எரியட்டும் என்று காத்திருந்து, கயிற்றை இழுத்துக் கட்டினாள். புல்லை எறிந்தாள். பட்டிக்கு எதிரே இருந்த துணி துவைக்கும் கல்லில் போய் உட்கார்ந்து, இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டாள்.

‘நான் இங்கயே உக்காந்துக்கறனுங்க. நீங்களும் உக்காருங்க. அம்மா, நீங்களும் வாங்க. ஆரு வர்றாங்கன்னு பாத்துப்போடலாம்.’

மூன்று பேரும் உட்கார்ந்தோம். சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே பனி மெதுவாகக் கலைந்தது. முதலில் ராஜா வெளியே வந்து, புல்லின்மேலேயே ஏறிப் படுத்து, தின்றது. பிறகு ராணி வந்தது. கிட்டே வந்தபோதெல்லாம் ராஜா தலையைத் தூக்கிப் பார்க்க, ராணி வந்த வழியே திரும்பியது. இத்தனை நாளில் இதை நான் கவனிக்கவே இல்லை. நான் கவனித்ததெல்லாம் மனுஷக் கையைத்தான்.

வெயில் ஏறியது. ராஜாவின் ஓடு காய்ந்து வெளுத்தது. திடீரென்று எழுந்தது. ஆமைக்கு அவ்வளவு வேகம் உண்டு என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்கமாட்டேன். ‘டொக்’கென்று ஒரு சத்தம். ராணியின் விலாவில் இடித்துவிட்டது. பின்வாங்கி இன்னொரு இடி. ராணி ஓடியது, மூலையில் மாட்டிக்கொண்டது. ராஜாவின் தாடைக்குக் கீழே கவட்டைக் கம்பு மாதிரி இரண்டு முனை நீட்டிக்கொண்டிருக்கும். அதை ராணியின் ஓட்டுக்கு அடியில் கொடுத்து நெம்பியது. ஒரு நெம்பு, இரண்டு நெம்பு. ராணி மல்லாந்தது.

அவ்வளவுதான். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

‘அட கடவுளே’ என்று சரோஜா தலையில் கை வைத்துக்கொண்டாள். எனக்குப் பூமி பிளந்து உள்ளே இழுத்துக்கொண்டால் தேவலை என்றிருந்தது.

வெள்ளையம்மா எழுந்தாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சுவரைத் தாண்டினாள். ஒரே எட்டில் சாம்பலைத் தாண்டியிருக்கலாம். தாண்டவில்லை. நடுச்சாம்பலில் காலை ஊன்றி இறங்கினாள். ராணியைப் புரட்டி, ஓட்டைத் தடவிக் கொடுத்து, கொட்டகைக்குள் விட்டுப் பலகையை இறக்கினாள். திரும்பி வரும்போதும் அதே சாம்பலில் கால் வைத்தாள்.

‘இந்தாங்க, என்ற காலுத் தடம் உளுந்திருச்சு. நல்லாப் பாத்துக்குங்க ரைட்டரய்யா.’

துவைக்கும் கல்லில் கிடந்த துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டாள். அவள் பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே சரோஜா கேட் வரைக்கும் ஓடினாள். நான் ஓடவில்லை.

டாக்டரம்மா சொன்னது

இரண்டு நாள் கழித்து இரண்டையும் கூடையில் வைத்துக் காரில் சேலத்துக்கு இறக்கினேன். அங்கே பறவை, பிராணிகள் எல்லாம் பார்க்கும் ஒரு டாக்டரம்மா இருக்கிறார். சின்ன வயது. ராணியைத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

‘சார், உங்க ராணியும் ராஜாதான். ரெண்டும் ஆம்பளை.’

குட்டியாக இருக்கும்போது ஆண், பெண் கண்டுபிடிப்பது லேசில் முடியாதாம். கடைக்காரன் வாய்க்கு வந்ததைச் சொல்லியிருக்கிறான்.

‘அப்ப ஒரு பெண் ஆமை வாங்கி விட்டுறலாங்களா, பாவம் துணைக்கு?’ என்றேன்.

‘துணை வேணும்கறது நமக்கு சார். இதுங்களுக்கு வேண்டாம். தனியா விட்டா அதுபாட்டுக்கு நிம்மதியா இருக்கும். ரெண்டு ஆணை ஒரே இடத்துல அடைச்சா, பலசாலி இன்னொண்ணைத் தின்னவும் விடாது, வெயில் காயவும் விடாது. சின்னது வளராததுக்கு அதுதான் காரணம்.’

கிழமை விஷயத்தையும் கேட்டேன். திங்கள், புதன், வெள்ளியில் மட்டும் ஏன்?

‘மத்த நாள்ல யார் திறந்து விடுவாங்க?’

‘நான்தான். பேப்பர் படிச்சுட்டு, பத்து பத்தரைக்கு.’

‘விளக்கு?’

‘அது அனேகமா மறந்துருவேன்.’

‘அதான் சார். உடம்பு சில்லுன்னு இருந்தா ஆமை அசையாது. சண்டையும் போடாது. அந்தம்மா வர்ற நாள்ல சூடு கிடைக்குது, காலை வெயில் கிடைக்குது, தெம்பா இருக்குது. அவங்க நல்லாப் பாத்துக்கறாங்க.’

அவள் நன்றாகப் பார்த்துக்கொண்டதைத்தான் நான் குற்றமாகக் கூட்டிக் கழித்து வைத்திருந்தேன். கார் மலை ஏறும்போது ஒவ்வொரு வளைவிலும் இந்த ஒன்றே திரும்பத் திரும்ப வந்தது.

வந்ததும் களத்தை இரண்டாகப் பிரித்தேன். முதலில் நடுவே கம்பி வலை கட்டினேன். இரண்டும் நாள் பூராவும் வலையின் இரண்டு பக்கமும் நின்று மூக்குத் தேயத் தேய முட்டிக்கொண்டன. டாக்டரம்மாவுக்குப் போன் போட்டால், ‘ஒண்ணை ஒண்ணு பாக்கற வரைக்கும் அடங்காது சார், சுவரே வையுங்க’ என்றார். ஹாலோ பிளாக் வைத்துச் சந்து இல்லாமல் பூசினேன். தனித்தனிக் கொட்டகை, தனித்தனி விளக்கு, தனித்தனித் தட்டு. மறுநாளே ராணி வயிறு நிறையத் தின்றது. பேரை மட்டும் மாற்றவில்லை.

கொட்டச்சேடு

பதினைந்து நாள் ஆகியும் வெள்ளையம்மா வரவில்லை. பஸ் ஏறிக் கொட்டச்சேட்டுக்குப் போனேன். சரோஜா வரமாட்டேன் என்றுவிட்டாள். ‘கோடு போட்டது நீங்க, நீங்களே போங்க.’

வாசலில் முறத்தை வைத்துக்கொண்டு அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். ‘வாங்க ரைட்டரய்யா’ என்றாள். மருமகளைக் கூப்பிட்டுக் காப்பி போடச் சொன்னாள். மரியாதையில் ஒரு குறையும் இல்லை. அதுதான் என்னை ரொம்பக் குத்தியது.

‘தப்புப் பண்ணிப்போட்டேன் வெள்ளையம்மா.’

‘ஆமாங்க.’

அவரைக்காய் உரிப்பது நிற்கவில்லை.

‘மனசுல வெச்சுக்காத.’

‘ராணி எப்படி இருக்குதுங்க?’

‘தின்னுது. நடுவுல சொவுரு வெச்சாச்சு. நான் கிட்டப் போனா மட்டும் தலைய உள்ள இளுத்துக்குது.’

‘அது பொளைக்கத் தெரிஞ்ச ஜீவனுங்க’ என்றாள். கொஞ்சம் சிரித்த மாதிரி இருந்தது. எனக்கு உயிர் வந்தது. ஆனால் அவள் முறத்தைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தை நேராகப் பார்த்தாள்.

‘ஒண்ணே ஒண்ணு கேக்கறனுங்க. அன்னிக்கி அது ரெண்டும் சண்டை போடாம, சும்மா வெயில்ல படுத்துத் தூங்கியிருந்துச்சுன்னு வெச்சுக்குங்க. நீங்க என்னங்க நெனச்சிருப்பீங்க?’

நான் காப்பி டம்ளரைப் பார்த்தேன். பதில் எனக்குத் தெரியும். நாம் உட்கார்ந்து பார்ப்பதால் இவள் இன்றைக்குக் கை வைக்கவில்லை என்றுதான் நினைத்திருப்பேன். அதற்கு அடுத்த திங்கட்கிழமை இன்னும் நைசாகச் சாம்பல் சலித்திருப்பேன். அவளுக்கும் அது தெரியும். இத்தனை வருஷம் எனக்குக் கீழே வேலை பார்த்தவள்.

‘இல்ல, வந்து...’ என்று ஆரம்பித்தேன்.

‘வேண்டாமுங்க, பொய் சொல்லாதீங்க’ என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. ‘நான் வர்றனுங்க. அது நொம்ப இளைச்சுக் கெடக்குது, அதுக்கோசரம் வர்றேன். அம்மா மொகத்துக்கோசரம் வர்றேன். ஆனா நான் வர்ற நேரத்துக்கு நீங்க அங்க இருக்கக் கூடாதுங்க. உங்க கண்ணு என்ற முதுவுல இருக்குதுன்னு நெனச்சுட்டே என்னால வேலை செய்ய முடியாதுங்க.’

சரி என்றேன். வேறு என்ன சொல்வது?

இப்போது திங்கள், புதன், வெள்ளிகளில் காலை பஸ் சத்தம் கேட்டதும் அவள் பின்பக்கம் வந்து சேருமுன், குடையை எடுத்துக்கொண்டு முன்வாசல் வழியாகக் கிளம்பிவிடுகிறேன். ஏரியை ஒரு சுற்றுச் சுற்றி, கடைவீதியில் ஒரு டீ குடித்து, நூலகத்தில் பேப்பர் படித்துவிட்டு, ஒரு மணிக்குத்தான் வீடு திரும்புகிறேன். பட்டி கூட்டியிருக்கும். இரண்டு தட்டிலும் புல் இருக்கும். துவைக்கும் கல் காலியாக இருக்கும்.

ராணி தேறிவிட்டது. வெள்ளையம்மாவுக்குத்தான் முழங்கால் வலி, மற்றபடி சுகம் என்று சரோஜா சொல்கிறாள். நான் அவளைப் பார்த்து ஆறு மாதம் ஆகிறது.